தொட்டில் ஆடாத இல்லங்களும் காசநோயும்

கடப்பாக்கத்திலும் அதனை அடுத்துள்ள கடலோர ஊர்களிலும் திருமணம் முடிந்து மூன்று மாதம் ஆகுமுன்னரே புதுமணப் பெண்ணை நோக்கி ஒரு கேள்வி எழுந்துவிடுகிறது. "ஏம்மா, ஏதாவது விசேஷம் உண்டா?" என்று குழாயடியில் கேட்பார்கள், மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்பார்கள், திருப்பலி முடிந்து கோயில் வாசலில் செருப்பைத் தேடும் வேளையிலும் கேட்பார்கள். முதல் ஆண்டில் அது அன்பான விசாரிப்பு. இரண்டாம் ஆண்டில் குத்தல். மூன்றாம் ஆண்டில் கேள்வி நின்றுவிடுகிறது. அத்துடன் வளைகாப்புக்கும் பெயர் சூட்டு விழாவுக்கும் அவளை முன்னிறுத்தி அழைப்பதும் நின்றுவிடுகிறது. 'மலடி' என்ற சொல்லை எவரும் அவள் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. ஆனால் அது அவள் காதில் விழாத நாளும் இல்லை.

அப்பெண் முதலில் எங்கே போகிறாள்? வேளாங்கண்ணிக்கு நேர்ச்சை வைக்கிறாள். மரத் தொட்டில் காணிக்கை கொடுக்கிறாள். பிறகு யாரோ சொன்ன நாட்டு மருந்து. பிறகு, வெளியே சொல்லாமல், செய்வினை எடுப்பவனிடம் ஒரு தாயத்து. நேர்ச்சையை நான் குறை கூறேன். பழைய ஏற்பாட்டு அன்னாளும் ஆலயத்துக்குத்தான் போனாள். அவளை ஆண்டுதோறும் குத்திக்காட்டிய பெனின்னா போன்றவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. வாய் அசைய அழுது செபித்தவளைக் குடிகாரி என்று எண்ணிக் கடிந்தவர் குரு ஏலி என்பதையும் மறப்பதற்கில்லை. குருக்களாகிய நாங்கள் அந்த அதிகாரத்தை அடிக்கடி வாசிப்பது நல்லது. ஆயினும் நேர்ச்சைக்கென இரண்டு நாள் ஒதுக்கும் குடும்பம், மருத்துவமனைக்கென ஒரு நாள் ஒதுக்கத் தயங்குவதுதான் எனக்கு விளங்காத புதிர்.

இங்கே நான் எழுத முனைவது குழந்தைப்பேறின்மைக்குக் காரணமாகும் ஒரு நோயைப் பற்றி. அதன் பெயரைச் சொன்னால், "அது இருமுகிறவர்களுக்கு வருவதாயிற்றே, அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்று வியப்போர் பலர். அதுதான் காசநோய். நம் பாட்டிமார் எலும்புருக்கி என்றும் சயரோகம் என்றும் அழைத்தது. இன்று எல்லாரும் டி.பி. என்பது. அது நுரையீரலோடு நிற்பதில்லை. பெண்ணின் கருக்குழாயிலும் கருப்பையிலும் சென்று குடியேறி, அங்கே பல ஆண்டுகள் சத்தமின்றி இருந்து, ஒரு தலைமுறையின் வாசலையே அடைத்துவிடக்கூடியது.

குழந்தையின்மைக்குக் காரணங்கள் பல. காசநோய் அவற்றுள் ஒன்று மட்டுமே. அமெரிக்கா போன்ற நாடுகளில் குழந்தையில்லை என்று மருத்துவரை நாடும் பெண்களில் இந்நோய் உடையவர் 100க்கு ஒருவருக்கும் குறைவு. நம் இந்திய மருத்துவமனைகளின் கணக்கிலோ 100க்கு 3 முதல் 16 பேர் வரை எனச் சொல்லப்படுகிறது. இடத்துக்கு இடம், சோதனை முறைக்குச் சோதனை முறை இக்கணக்கு மாறும். எப்படிக் கூட்டிக் கழித்தாலும், ஒதுக்கிவிடக்கூடிய தொகை அன்று அது.

பழைய நோய், நம் மாவட்டத்து நோய்

இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதும் அன்று. இத்தாலி நாட்டின் உடற்கூற்று அறிஞர் மோர்காக்னி 1744ஆம் ஆண்டிலேயே, 20 வயதில் இறந்த ஒரு பெண்ணின் உடலைச் சோதித்தபோது, அவளது கருப்பையிலும் கருக்குழாய்களிலும் காசநோய் படர்ந்திருந்ததை எழுதி வைத்தார். நோயை உண்டாக்கும் கிருமி எதுவென்று உலகுக்குத் தெரிய இன்னும் 138 ஆண்டுகள் பிடித்தன. 1882 மார்ச் 24ஆம் நாள் பெர்லின் நகரில் இராபர்ட் கோக் அதனை அறிவித்தார். ஆண்டுதோறும் மார்ச் 24ஐக் காசநோய் நாளாகக் கடைப்பிடிப்பது அதனால்தான்.

நம் செங்கற்பட்டுச் சீமைக்கும் இந்நோய்க்கும் நெடுநாள் வரலாறு உண்டு. தாம்பரத்தில் 1928ஆம் ஆண்டு டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்கென ஒரு விடுதியைத் தொடங்கினார். இங்கிலாந்தில் அத்தகைய விடுதி நடத்தி அனுபவம் பெற்றவர் அவர். 1937இல் அரசு அதனை ஏற்றது. தாம்பரத்துக்கு அடுத்த இரயில் நிலையத்துக்கே 'சானடோரியம்' என்று பெயர் நிலைத்துவிட்டது. அந்நாளில் அங்கே ஒருவரை அனுப்புவதென்றால் ஏறத்தாழ வழியனுப்பி வைப்பதுதான். மகளை அங்கே சேர்த்த குடும்பம், அவள் வெளியூரில் அத்தை வீட்டில் படிக்கிறாள் என்று ஊருக்குச் சொல்லும்.

அந்த எண்ணத்தை மாற்றிய ஆராய்ச்சியும் சென்னையிலேயே நிகழ்ந்தது என்பதை நம்மவர் பலர் அறியார். 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம் 193 நோயாளிகளை இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவினருக்கு விடுதியில் நல்ல உணவும் ஓய்வும் மருந்தும். மற்றப் பிரிவினருக்கு நெருக்கமான நகரத்துக் குடியிருப்புகளில், தம் சொந்த வீட்டிலேயே, அதே மருந்து. ஓராண்டு கழித்துப் பார்த்தால் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரேயளவில் குணமடைந்திருந்தனர். வீட்டில் இருந்து மருந்துண்டவர்களின் குடும்பத்தாருக்கு அதனால் நோய் மிகுந்துவிடவுமில்லை. 1959இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் காச விடுதிகளின் கதவுகளைத் திறந்துவிட்டது. குணப்படுத்துவது விடுதி அன்று, ஒழுங்காக உண்ணும் மருந்தே என்பதை உலகுக்குக் காட்டியவர்கள் சென்னையின் ஏழை எளியவர்கள்.

இன்னொன்றும் நம் மாவட்டத்தில் நடந்தது. 1968இல் தொடங்கி, அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பகுதியில் இலட்சக்கணக்கான மக்களைக் கொண்டு பி.சி.ஜி. தடுப்பூசியைச் சோதித்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அவ்வூசி தடுக்கவில்லை என்பது முடிவு. பச்சிளங் குழந்தைகளுக்கு வரும் மூளைக் காய்ச்சல் போன்ற கொடிய காசநோய் வகைகளை அது தடுக்கிறது. ஆகவே பிறந்தவுடன் போடுவது தொடர்கிறது. "சின்ன வயதில் கையில் ஊசி போட்டாயிற்று, தழும்பு இருக்கிறது, எனக்கு டி.பி. வராது" என்று இருபது வயதுப் பெண் சொல்வாளானால், அவளுக்கு நம் மாவட்டத்து ஆராய்ச்சியே மறுமொழி.

இன்றும் இந்தியாவில் ஓராண்டில் 27 இலட்சம் பேர் அளவுக்குக் காசநோய்க்கு ஆளாகின்றனர். உலகிலுள்ள நோயாளிகளில் நான்கில் ஒருவர் நம் நாட்டவர்.

வாசல் அடைபடும் விதம்

கருக்குழாய் என்பது கருப்பையின் இருபுறமும் கைகள் போல நீண்டிருக்கும் மெல்லிய குழல். சினைப்பையிலிருந்து மாதம் ஒருமுறை வெளிப்படும் முட்டையை அதன் விரல் போன்ற நுனிகள் ஏந்திக்கொள்கின்றன. குழலின் உட்புறத்தில் பயிர் அசைவது போல அசையும் நுண்ணிய மயிர்கள் உண்டு. அவை முட்டையைக் கருப்பையை நோக்கித் தள்ளிச் செல்கின்றன. கணவனின் விந்தணு வந்து சேர்வதும் இந்தக் குழலுக்குள்தான். ஆண்டவன் ஓர் உயிரைத் தொடங்கி வைக்கும் இடம் ஒரு நூல் நுழையும் அகலமே உடையது.

யாரோ ஒருவர் இருமிய காற்றிலிருந்து ஒரு சிறுமியின் நுரையீரலுக்குள் கிருமி புகுகிறது. பெரும்பாலும் அவளுக்கு ஒன்றும் தெரிவதில்லை. நாலு நாள் சளி, காய்ச்சல், அவ்வளவே. ஆனால் அங்கிருந்து இரத்தத்தின் வழியே சில கிருமிகள் புறப்பட்டுச் சென்று உடலின் வேறிடங்களில் தங்கிவிடுகின்றன. அவள் பூப்படையும் பருவத்தில் கருக்குழாய்களுக்கு இரத்த ஓட்டம் மிகுகிறது. கிருமிக்கு அது வாய்ப்பாகிறது. பிறப்புறுப்புக் காசநோய் கண்ட பெண்களில் ஏறத்தாழ அனைவருக்கும் கருக்குழாய்கள் தாக்குண்டிருக்கும், பெரும்பாலும் இரண்டுமே. பாதிப் பேருக்கு மேல் கருப்பையின் உட்படலமும் தாக்குண்டிருக்கும். சிலருக்குச் சினைப்பையும் உட்படும்.

புண்ணாகிறது, ஆறுகிறது, மறுபடி புண்ணாகிறது, ஆறுகிறது. ஆறும் ஒவ்வொரு முறையும் தழும்பு. நுண்மயிர்கள் அழிகின்றன. விரல் நுனிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. குழல் சில இடத்தில் சுருங்கி, சில இடத்தில் பருத்து, மணி கோத்த சரடு போல ஆகிவிடுகிறது. முழுவதும் அடைபட்டால் கருவே தரிப்பதில்லை. பாதி அடைபட்டால் அதைவிட ஆபத்து: கரு குழாய்க்குள்ளேயே தங்கி வளர்ந்து, குழாய் வெடித்து, தாயின் உயிருக்கே உலை வைக்கும். கருப்பையின் உட்சுவர்கள் ஒட்டிக்கொண்டால் மாதவிலக்குக் குறைந்துகொண்டே வந்து நின்றுபோகும்.

இத்தனையும் நடக்கும்போது அவள் வலை பிரித்துக்கொண்டும், உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டும், சமைத்துக்கொண்டும் இருக்கிறாள். பலருக்கு எந்தக் குறியுமே இல்லை. குழந்தையின்மை என்று மருத்துவரிடம் போனபோதுதான் நோய் இருப்பதே வெளிப்படுகிறது. வேறு சிலருக்கு அடிவயிற்றில் இடைவிடாத மந்தமான வலி, மாதவிலக்கு ஒழுங்கின்மை, மிகக் குறைவான போக்கு, மாலையில் இலேசான காய்ச்சல், பசியின்மை, உடல் மெலிவு. "கலியாணமான களைப்பு" என்றும் "உடம்பிலே சூடு" என்றும் சொல்லி இவற்றையெல்லாம் தள்ளிவிடுவது நம் வழக்கம். இருமல் பெரும்பாலும் இராது. மார்பு எக்ஸ்ரே பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். சளிச் சோதனையில் ஒன்றும் தெரியாது. கிருமி நுரையீரலில் இல்லாதபோது சளியில் தேடி என்ன பயன்?

இதைக் கண்டறிவது மருத்துவருக்கே கடினம் என்பதை வாசகர்கள் அறிந்திருப்பது நன்று. ஏனெனில் அங்கே கிருமிகளின் எண்ணிக்கை மிகச் சிறிது. கருப்பையின் உட்படலத்திலிருந்து சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள். ஆனால் அப்படலம் மாதந்தோறும் உதிர்ந்து புதிதாக வளர்வதாயிற்றே! ஆகவே மாதவிலக்குக்குச் சில நாள் முன்பாக எடுப்பதே வழக்கம். அத்துணுக்கை நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். கிருமியை வளர்த்துப் பார்ப்பார்கள், அதற்குச் சில வாரங்கள் ஆகும். ஜீன்எக்ஸ்பர்ட் என்னும் பொறியில் இட்டு இரண்டு மணி நேரத்திலும் பார்ப்பார்கள். மருந்து செலுத்திக் கருக்குழாயை எக்ஸ்ரே எடுப்பதும், தேவையானால் வயிற்றில் சிறு துளையிட்டு லேப்ராஸ்கோப் வழியே நேரில் பார்ப்பதும் உண்டு. ஒரே சோதனையில் விடை கிட்டாமல் மூன்று நான்கு சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து முடிவு செய்ய நேரிடலாம். "நாலு தடவை அலைய விடுகிறார்கள்" என்று மருத்துவரைச் சலித்துக்கொள்ளுமுன் இதனை நினைவில் கொள்ளுங்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் நம் நாட்டில் மிகுந்துள்ளது. அவசரப்பட்டு முத்திரை குத்துவது அது. பி.சி.ஆர். எனப்படும் நுண்ணிய சோதனை, உயிரற்ற கிருமியின் எச்சத்தையும் காட்டிவிடக்கூடும். அது ஒன்றை மட்டும் நம்பி ஆறு மாத மருந்து எழுதிக் கொடுப்பதைத் தேர்ந்த மருத்துவர்கள் ஏற்பதில்லை. கையில் ஊசி போட்டு வீக்கம் பார்க்கும் சோதனையும் கிருமி என்றோ உடலில் புகுந்ததைக் காட்டுமே தவிர, இன்று நோய் இருப்பதை மெய்ப்பிக்காது. இரத்தத்தில் எதிர்ப்பொருளைப் பார்த்துக் காசநோய் என்று சொல்லும் சோதனைகளையோ மத்திய அரசு 2012ஆம் ஆண்டிலேயே தடை செய்துவிட்டது. ஆகவே குழந்தையில்லாத எல்லாப் பெண்ணும் காசநோயாளி அல்லள். வெறும் இரத்தச் சோதனைத் தாளை நீட்டி உங்களுக்கு நோய் என்று எவராவது சொன்னால், அரசு மருத்துவமனையில் இன்னொரு முறை கேட்டுத் தெளிவதில் வெட்கமில்லை. மதுராந்தகம் அரசு மருத்துவமனை நமக்கு அருகில் உள்ளது. செங்கற்பட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மகளிர் பிரிவும் காசநோய்ப் பிரிவும் ஒரே வளாகத்தில் உள்ளன.

மருந்து

நோய் உறுதியானால் மருந்து உண்டு. அரசு அதனை இலவசமாகவே தருகிறது. முதல் 2 மாதம் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பியூட்டால் என நான்கு மருந்துகள். அடுத்த 4 மாதம் பைரசினமைடு நீங்கலாக மற்ற மூன்றும். நாள்தோறும், உடல் எடைக்கு ஏற்ப. இந்நோய்க்கு 9 மாதம் மருந்து வேண்டுமா, 6 மாதம் போதுமா என்ற ஐயம் நெடுநாள் இருந்தது. தில்லி அகில இந்திய மருத்துவக் கழகத்தில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, 2016இல் வெளியிட்ட முடிவின்படி 6 மாதமே போதுமானது.

சில செய்திகளை முன்கூட்டியே சொல்லிவிடுவது பயன்படும். ரிஃபாம்பிசின் உண்ணும்போது சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். "இரத்தமாகப் போகிறது" என்று அஞ்சி, முதல் வாரத்திலேயே மாத்திரையைக் கடலில் எறிந்தவர்கள் உண்டு. அஞ்ச வேண்டியதில்லை, அது மருந்தின் நிறம். கண்ணோ தோலோ மஞ்சளானால், வாந்தி நில்லாவிட்டால், பார்வை மங்கினால், உடனே மருத்துவரிடம் போக வேண்டும், அது வேறு. இரண்டாம் மாதம் முடிவதற்குள் உடம்பு தேறிப் பசி எடுக்கும். அப்போதுதான் ஆபத்து! "சரியாகிவிட்டது, இனி எதற்கு?" என்று பாதியில் நிறுத்துகிறவர்களின் உடலில் மருந்துக்கு அடங்காத கிருமி வளர்கிறது.

சத்துணவுக்கென 2018 ஏப்ரல் முதல் மாதம் 500 ரூபாய் வழங்கி வந்த மத்திய அரசு, 2024 நவம்பர் முதல் அதனை 1,000 ரூபாயாக உயர்த்தியுள்ளது. நோயாளியின் வங்கிக் கணக்கில் அது சேரும். முட்டையும் பயறும் நிலக்கடலையும் வாங்குவதற்கான அப்பணம் மருமகளின் தட்டுக்கு வந்து சேருகிறதா என்று மாமியார்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

கருக்குழாயில் மட்டும் நோய் உள்ள பெண்ணிடமிருந்து, கூட இருந்து உண்பதாலோ ஒரே பாயில் படுப்பதாலோ எவருக்கும் நோய் ஒட்டாது. நுரையீரலிலும் நோய் இருந்தால்தான் அந்த அச்சம். அப்போதும் மருந்து தொடங்கிச் சில வாரங்களில் அது நீங்குகிறது. தனித் தட்டு, தனித் தம்ளர் என்று வைப்பதில் மருத்துவமும் இல்லை, மனிதத்தன்மையும் இல்லை.

மருந்து கிருமியைக் கொல்லும், தழும்பை அழிக்காது. கசப்பானாலும் இவ்வுண்மையைச் சொல்லியே ஆகவேண்டும். குழாய் அடைபடுமுன் நோயைக் கண்டு மருந்துண்ட பெண்களில் பலர் தாயாகியுள்ளனர். அடைபட்ட பின் வந்தவர்களுக்கு நோய் தீர்கிறது, வாசல் திறப்பதில்லை. அறுவை செய்து குழாயைத் திறக்கும் முயற்சியும் இந்நோயில் பெரும்பாலும் பலிப்பதில்லை. எனவே காலம்தான் இங்கே எல்லாம். மணமாகி ஓராண்டு சேர்ந்து வாழ்ந்தும் கருத்தரிக்காவிட்டால் மருத்துவரை நாடுங்கள். மனைவிக்கு வயது 35ஐக் கடந்திருந்தால் ஆறு மாதம் போதும். சிகிச்சை முடித்தவளுக்கு நாள் தள்ளிப்போய், ஒருபுறமாக அடிவயிற்றில் வலி கண்டால், மகிழ்ச்சியோடு வீட்டில் இராமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குழாயில் தங்கிய கருவாக அது இருக்கக்கூடும்.

இருவரும் சேர்ந்தே போங்கள் என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். பிள்ளையில்லாத தம்பதியரில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆணின் குறையும் சேர்ந்திருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வில் கண்டது. காசநோய் ஆணின் விந்துக் குழாயையும் அடைக்கக்கூடியது. மனைவியை ஊர் ஊராக அழைத்துச் சென்று எக்ஸ்ரே எடுப்பவன், தான் மட்டும் ஒரு சிறு கிண்ணத்தில் விந்து கொடுத்துச் சோதித்துக்கொள்ள மறுக்கிறான். "ஆம்பிளைக்கு என்ன குறை?" என்கிறான். கட்டுமரத்தில் கடலைக் கடக்கும் நெஞ்சுரம் அங்கே எங்கு போய் ஒளிகிறதோ!

மறைப்பு

அன்பார்ந்த இல்லறத்தாரே, இனிச் சொல்லப்போவது மருத்துவர் சொல்வதன்று. பங்குகளில் பணியாற்றும் எங்களைப் போன்றோர் கண்டு வருவது.

பதினாறு வயதில் ஒரு பெண்ணுக்குக் கழுத்தில் நெறி கட்டுகிறது, காசநோய் என்கிறார்கள். தாய் செய்யும் முதல் வேலை, செய்தி வெளியே போகாமல் பார்த்துக்கொள்வது. "டி.பி. வந்த பெண்ணை எவன் கட்டுவான்?" உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து வாங்கினால் பணியாளர் வீடு தேடி வருவார், அக்கம்பக்கம் அறியும். ஆகவே தொலைவிலுள்ள தனியார் மருத்துவரிடம் காசு கொடுத்து வாங்குகிறார்கள். காசு தீர்ந்ததும், அல்லது நெறி வற்றியதும், மருந்தும் நிற்கிறது. நான்கு ஆண்டு கழித்து வரன் வருகிறது. மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கிறோம். எவரும் ஒன்றும் சொல்வதில்லை. திருமணத்துக்குப் பின் குழந்தையில்லை. மருத்துவர் அவளிடம், "அம்மா, சின்ன வயதில் உனக்கோ வீட்டில் யாருக்கோ காசநோய் இருந்ததா?" என்று கேட்கிறார். பக்கத்தில் மாமியார். அவள் தரையைப் பார்த்தபடி, "இல்லை" என்கிறாள்.

மருத்துவருக்குக் கிடைத்திருக்கக்கூடிய ஒரே துப்பு அந்தச் சொல்லில் அறுந்து போகிறது. இரண்டு ஆண்டுகள் வேறு வேறு மருந்துகளில் கழிகின்றன. குழாய்கள் மூடிக்கொள்வதும் அந்த இரண்டு ஆண்டுகளிலேயே.

அத்தகைய பெண்களுக்கு நான் சொல்வது: மாமியார் எதிரே சொல்ல இயலாவிட்டால், மருத்துவரைத் தனியே பார்க்க வேண்டுமென்று கேள்; செவிலியிடம் சொல். அதனை இரகசியமாகக் காப்பது அவர்கள் கடமை. தாய்மாருக்குச் சொல்வது வேறு. முழுச் சிகிச்சை பெற்றுக் குணமடைந்த பெண் எவருக்கும் குறைந்தவள் அல்லள். இதனை மணமகன் வீட்டாரிடம் வெளிப்படையாகவே சொல்லலாம். சொன்னதால் விலகிப்போகும் வரன், போனதே நன்று.

திருச்சபைச் சட்டத்தில் ஒன்றை நம் குடும்பங்கள் பலவும் தவறாகவே எண்ணி வருகின்றன. பிள்ளை பெறாதவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டு, "சாமி, இந்தக் கலியாணத்தை இல்லையென்று எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டு வருகிறவர்கள் இன்றும் உண்டு. 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 1084ஆம் விதி மூன்றாம் பத்தி தெளிவானது: மலட்டுத்தன்மை திருமணத்துக்குத் தடையும் அன்று, அதனைச் செல்லாததாக்குவதும் அன்று. தான் பிள்ளை பெற இயலாதவர் என்று உறுதியாக அறிந்திருந்தும், மற்றவரின் சம்மதத்தைப் பெறுவதற்காகவே வஞ்சகமாக அதனை மறைத்தால் மட்டும் 1098ஆம் விதி குறுக்கிடும். ஒரு காலத்தில் காசநோய் வந்து குணமானது என்பது அந்த வகையில் சேராது. மறைப்பதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அதைச் சாக்காக்கி ஒரு பெண்ணைத் தள்ளிவிடத் திருச்சபை துணை நிற்காது. அப்படிக் கேட்டு வருகிறவர்களுக்கு நாற்காலி போடும் முன்னரே நான் சொல்லிவிடுவது இது.

குழாய்கள் அடைபட்ட பின் மருத்துவர்கள் சொல்லும் வழி சோதனைக் குழாய்க் கருத்தரிப்பு. திருச்சபை அம்முறையை ஏற்பதில்லை. 1987இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட போதனையில் காரணங்களை விளக்கியுள்ளது. மலட்டுத்தன்மையை நீக்க மருத்துவம் மேலும் ஆராய வேண்டும் என்றும் அதே ஏடு வேண்டுகிறது. முடிவு செய்யும் தம்பதியர் தம் பங்குக் குருவோடு அமர்ந்து பேசட்டும். அவ்வழியில் பிறந்த பிள்ளையோ மற்ற எந்தப் பிள்ளையையும் போல இறைவனின் பிள்ளையே. அதனைச் சுட்டிப் பேசும் நாவு நம்மிடையே இருத்தலாகாது.

தத்தெடுப்பதில் முன்பு கிறிஸ்தவர்களுக்குச் சட்டச் சிக்கல் இருந்தது. 1956ஆம் ஆண்டுத் தத்துச் சட்டம் இந்துக்களுக்கே உரியது. நாமோ 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காப்பாளராக மட்டுமே இருக்க முடிந்தது, பெற்றோராக அன்று. சிறார் நீதிச் சட்டமும் 2006இல் அதற்குச் செய்த திருத்தமும், அதன்பின் 2015இல் வந்த புதிய சட்டமும் அத்தடையை நீக்கிவிட்டன. இன்று கத்தோலிக்கத் தம்பதியரும் முழு உரிமையுடைய பெற்றோராகலாம். பிள்ளைக்கு வாரிசுரிமையும் உண்டு. மணமாகி 2 ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். 'காரா' எனப்படும் மத்திய தத்தெடுப்பு ஆணையத்தில் பதிவு செய்து காத்திருக்க வேண்டும். செங்கற்பட்டிலுள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டால் வழி சொல்வார்கள். மருத்துவமனை வாசலில் எவரோ கைமாற்றித் தரும் குழந்தையை வாங்கி வருவது குற்றம். பின்னாளில் கண்ணீரும் அதுவே.

வீட்டில் தாத்தாவுக்கோ சித்தப்பாவுக்கோ நுரையீரல் காசநோய் என்று உறுதியானால், அந்த வீட்டுச் சிறுமிகளை நினையுங்கள். 2021 முதல் நடைமுறையிலுள்ள விதிப்படி, நோயாளியோடு ஒரே வீட்டில் வாழும் எல்லா வயதினருக்கும் சோதனை செய்து, நோய் இல்லையென்று தெளிந்தபின் தடுப்பு மருந்து கொடுக்க வேண்டும். நாளுக்கொரு முறையாக 6 மாதம் உண்ணும் ஐசோனியசிட் ஒரு வகை. வாரத்துக்கொரு முறையாக 12 வாரம் உண்பது இன்னொரு வகை. இதனை எவரும் கேட்டு வாங்குவதில்லை. தாத்தாவுக்கு மருந்து வாங்கப் போகும் நாளிலேயே பேத்தியையும் கையோடு அழைத்துச் சென்று, இந்தப் பிள்ளைக்கும் பாருங்கள் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னால் போதும்.